ஆசானின் கையில் ஆயுதமோ?

 

இப் பௌர்ணமி நாளில் நாம் ஆராய எடுத்துக்கொண்ட பொருள், முதற் பார்வைக்கு நமக்குத் தொலைவானதாகத் தோன்றக்கூடும். குழந்தைகளுக்குப் பாடம் போதிக்கும் ஆசிரியர், பாடசாலைக்குள் துப்பாக்கி தரித்திருக்கலாமா என்பதே அப்பொருள். நம் ஊர்ப் பள்ளிகளில் இக்கேள்வி எழவில்லை, இனியும் எழாதிருக்குமாக! ஆயினும் ஐக்கிய அமெரிக்க நாடுகளில் இது சட்டசபைகள் வாக்கெடுத்து முடிவு செய்யும் கேள்வியாகிவிட்டது. வேறு சில தேசங்களிலோ ஆசிரியர்களின் கைகளில் ஆயுதம் ஏறியும் விட்டது. கல்வி என்பது யாது, காவல் என்பது யாது, ஓர் உயிர் மற்றோர் உயிரை எக்கண்ணால் காணவேண்டும் என்னும் மூன்று வினாக்கள் இதனுள் அடங்கியிருக்கின்றன. ஆகவே இது தம்மத்தைச் சார்ந்த கேள்வி. தம்மத்தைச் சரணடைந்த நாம் இதற்கு விடை தேடக் கடமைப்பட்டவர்கள்.

முதலில், நிகழ்ந்தவற்றை உள்ளவாறே அறிவோம். 1999 ஆம் ஆண்டு ஏப்ரல் 20 ஆம் நாள், கொலராடோ மாநிலத்துக் கொலம்பைன் உயர்நிலைப் பள்ளியில், அப்பள்ளியின் மாணவர் இருவர் 12 மாணவர்களையும் ஓர் ஆசிரியரையும் சுட்டுக் கொன்றனர். 2012 டிசம்பர் 14 அன்று, கனெக்டிகட் மாநிலத்து நியூடவுன் நகரில், சாண்டி ஹூக் தொடக்கப் பள்ளிக்குள் புகுந்த 20 வயது இளைஞன், ஆறும் ஏழும் வயதான 20 குழந்தைகளையும் 6 பெரியோரையும் கொன்றான். 2018 பிப்ரவரி 14 அன்று ஃபுளோரிடாவின் பார்க்லாந்தில் 17 பேர் மாண்டனர். 2022 மே 24 அன்று டெக்சாஸ் மாநிலத்து யுவால்டியில் 19 குழந்தைகளும் 2 ஆசிரியைகளும் மாண்டனர். இவை சில மட்டுமே. அந்நாட்டுச் சிறு குழந்தைகள் இன்று எழுத்துப் பழகுவது போலவே, விளக்கை அணைத்து, மூச்சடக்கி, மூலையில் ஒளிந்திருக்கவும் பழகுகின்றனர். துப்பாக்கிக் குண்டு துளைக்காத புத்தகப் பை அங்கே கடைச் சரக்கு. 2020 ஆம் ஆண்டில், 1 முதல் 19 வயது வரையுள்ள அந்நாட்டுப் பிள்ளைகளின் மரணத்துக்குரிய காரணங்களில் முதலிடம் பெற்றது நோயன்று, சாலை விபத்தன்று, துப்பாக்கியே.

இத்தகைய துயரத்தின் நடுவில்தான், ஆசிரியருக்கு ஆயுதம் கொடுங்கள் என்ற குரல் எழுந்தது. அக்குரலை நாம் ஏளனம் செய்தலாகாது. குழந்தையைப் பறிகொடுத்த தாய், இனி என் மற்றக் குழந்தையைக் காப்பவர் யார் என்று கேட்கிறாள். அக்கேள்வியினின்றே அக்குரலும் பிறந்தது. அவர்கள் கூறும் வாதம் இது: கொலைகாரன் சில நிமிடங்களில் தன் வேலையை முடித்துவிடுகிறான், போலீசார் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிடுகிறது, நாட்டுப்புறப் பள்ளியாயின் காவல் நிலையம் பல மைல் தூரத்தில் இருக்கிறது, ஆகையால் குழந்தைகளுடன் எப்போதும் இருப்பவரான ஆசிரியரே ஆயுதம் தாங்கட்டும். டெக்சாஸ் மாநிலத்தில் ஹாரல்ட் என்னும் சிற்றூரின் பள்ளி நிர்வாகம் 2007 ஆம் ஆண்டிலேயே இக்காரணம் பற்றி அனுமதி அளித்தது. யுவால்டியில் நிகழ்ந்ததோ இவ்வாதத்துக்கு மேலும் வலுவூட்டுவது. அங்கே 376 காவலர்கள் வந்து திரண்டும், கொலைகாரன் இருந்த வகுப்பறைக்குள் நுழைய 77 நிமிடங்கள் தாமதித்தனர். அரசாங்கத்தின் ஆயுதம் வாயிற்புறத்தே நிற்க, உள்ளே குழந்தைகள் இறந்தனர். இதைக் கண்டவர், இனி யாரையும் நம்பேன் என்று கூறினால் அதில் வியப்பென்ன?

இவர்களுக்குப் பாணாதிபாத விரதத்தை மட்டும் எடுத்துக் கூறி, கொல்லாமை நம் முதற் சீலம், ஆகவே துப்பாக்கி ஆகாது என்று ஒரே சொல்லில் முடித்துவிடுதல் எளிது. நாம் அவ்வெளிய வழியிற் செல்லப் போவதில்லை. பாபாசாகேப் டாக்டர் அம்பேத்கர், 1957 ஆம் ஆண்டில் வெளிவந்த தமது 'புத்தரும் அவர் தம்மமும்' என்ற நூலில் இவ்விஷயத்தைத் தெளிவுபடுத்தியிருக்கிறார். கொல்ல வேண்டுமென்னும் விருப்பம் வேறு, கொல்ல நேர்கின்ற தேவை வேறு என்று அவர் பகுத்துக் காட்டினார். அகிம்சையைக் கண்ணை மூடிக்கொண்டு பின்பற்றும் விதியாகப் பகவான் வைக்கவில்லை. அறிவைக் கொண்டு நடத்தும் நெறியாகவே வைத்தார் என்பது அவர் கண்ட பொருள். ஆகவே, குழந்தையைக் கொல்ல ஒருவன் எதிரே நிற்கும் அக்கணத்தில் ஆசிரியர் யாது செய்யலாம் என்பது ஒரு கேள்வி. அக்கணம் வருமோ என்று அஞ்சி, ஆண்டு முழுதும், பாடம் நடக்கும் ஒவ்வொரு நாளும், அவர் ஆயுதபாணியாய் வகுப்பில் நிற்கலாமா என்பது மற்றொரு கேள்வி. முதற் கேள்விக்குரிய விடையை இரண்டாவதற்கும் உரியதாகக் கொள்வதே இவ்விவாதத்தில் நிகழும் பிழை. சட்டம் கேட்பது இரண்டாம் கேள்வியை. நாம் ஆராய்வதும் அதனையே.

இராஜகிருகத்து இல்லறத்தான் மகனாகிய சிகாலனுக்குப் பகவான் உபதேசித்ததை நீங்கள் அறிவீர்கள். திசைகளை வணங்கி நின்ற அவ்விளைஞனுக்கு, ஆறு திசைகளாவன மனிதர்க்கு மனிதர் ஆற்றும் கடமைகளே என்று பகவான் விளக்கினார். அவற்றுள் தென்திசை ஆசிரியர். ஆசிரியர் மாணவனுக்குச் செய்யவேண்டியவை ஐந்து. நன்கு பழக்குதல், கற்றதை உறுதியாகப் பற்றச் செய்தல், கலைகளை ஒளியாது போதித்தல், நண்பர்களிடத்தும் சுற்றத்திடத்தும் அவனைப் பற்றி நல்லது கூறுதல், எல்லாத் திசைகளிலும் அவனுக்குப் பாதுகாப்புச் செய்தல். இவ்வைந்தாவதை ஊன்றிக் கவனியுங்கள். காவலை அரசனுக்கும் சேனைக்கும் மட்டும் உரியதாக விடாமல், ஆசிரியர் கடமைகளுள் ஒன்றாகவும் பகவான் வைத்திருக்கிறார். ஆகவே, ஆசிரியருக்கும் காவலுக்கும் சம்பந்தமில்லை என்று நாம் கூற இயலாது. காக்கவேண்டியது அவர் கடன். எதைக் கொண்டு காப்பது என்பதே வினா.

துப்பாக்கி காக்குமா? உணர்ச்சியை ஒதுக்கி, அனுபவத்தைக் கேட்போம். கொலம்பைன் பள்ளியில் ஆயுதந்தாங்கிய காவலர் ஒருவர் இருந்தார், கொலைகாரர்களை நோக்கிச் சுடவும் செய்தார், படுகொலை நிற்கவில்லை. பார்க்லாந்துப் பள்ளியிலும் ஆயுதந்தாங்கிய காவல் அதிகாரி ஒருவர் இருந்தார். அவர் கட்டிடத்தினுள் செல்லாது வெளியிலேயே நின்றுவிட்டார். ஆயுதத்தையே தொழிலாகக் கொண்டோர் நிலை இது. நியூயார்க் நகரப் போலீசார் 1998 முதல் 2006 வரை ஈடுபட்ட துப்பாக்கிச் சண்டைகளை ஆராய்ந்தவர்கள், சுட்ட குண்டுகளில் நூற்றுக்கு 18 வீதமே குறியைச் சேர்ந்தன என்று கணக்கிட்டனர். எஞ்சியவை சென்ற இடம் எது? நகரத் தெருவிலாயின் சுவராக இருக்கலாம். அலறி ஓடும் முப்பது குழந்தைகள் நிறைந்த வகுப்பறையிலாயின் அதற்கு விடை கூற நா எழவில்லை.

பயிற்சி கொடுத்துவிட்டால் சரியாகிவிடும் என்பர். ஃபுளோரிடா 144 மணி நேரப் பயிற்சியை விதித்தது. டென்னசி 2024 ஆம் ஆண்டின் சட்டத்தில் 40 மணி நேரத்தை விதித்தது. எந்த ஆசிரியர் ஆயுதம் வைத்திருக்கிறார் என்பது பெற்றோருக்கும் தெரிவிக்கப்படாது என்றும் வைத்தது. ஒஹையோவிலோ முன்னர் 700 மணிக்கு மேற்பட்ட பயிற்சி வேண்டியிருந்தது. 2022 ஆம் ஆண்டின் சட்டம் அதனை 24 மணிக்குள் அடக்கிவிட்டது. ஒரு மொழியின் இலக்கணத்தை ஒழுங்காகப் போதிக்கவும் போதாத காலம், ஓர் உயிரை எப்போது பறிக்கலாம் என்று நிர்ணயிக்கப் போதுமென்று அங்கே கருதப்பட்டிருக்கிறது. யூடா மாநிலத்தில் 2014 ஆம் ஆண்டில், ஓர் ஆசிரியையின் கைத்துப்பாக்கி பள்ளிக் கழிப்பறையில் தவறுதலாக வெடித்து அவரையே காயப்படுத்தியது. கலிபோர்னியாவில் 2018 ஆம் ஆண்டில், துப்பாக்கியைப் பத்திரமாகக் கையாளும் முறையைக் கற்பித்த ஆசிரியரின் கையிலிருந்தே குண்டு கூரையிற் பாய, மாணவர் ஒருவர் காயமுற்றார். கொலைகாரன் வராத நாளிலும் குண்டு வந்துவிட்டது! அவன் வருவது எங்கோ ஒரு பள்ளியில், என்றோ ஒரு நாளில். ஆசிரியரின் துப்பாக்கியோ எல்லாப் பள்ளி நாட்களிலும் குழந்தைகளின் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்.

இவ்வளவும் கணக்கு. கணக்கை விட ஆழமான ஒன்று இருக்கிறது. அதனைச் சொல்லவே இவ்வுரை. ஆசிரியர் யாரைச் சுடுவதற்காகத் துப்பாக்கி தரிக்கிறார்? எங்கிருந்தோ வரும் அந்நியனை என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். கொலம்பைனில் சுட்டவர்கள் அப்பள்ளியின் மாணவர்கள். பார்க்லாந்தில் சுட்டவன் அப்பள்ளியில் முன்னர்ப் படித்தவன். சாண்டி ஹூக்கில் சுட்டவனும் சிறு வயதில் அப்பள்ளியில் இருந்தவன். யுவால்டியில் சுட்ட 18 வயதினனும் தான் முன்பு படித்த பள்ளிக்கே திரும்பி வந்தான். அமெரிக்கப் பள்ளிகளில் நிகழ்ந்த இத்தகைய தாக்குதல்களில் பெரும்பாலானவை, அப்பள்ளியின் இன்றைய மாணவராலோ முன்னாள் மாணவராலோ நிகழ்ந்தவையே. ஆகவே சட்டம் ஆசிரியரிடம் கேட்பது இதுதான்: நீ எழுத்துச் சொல்லிக் கொடுத்த பிள்ளையைக் கொல்லச் சித்தமாயிரு, எந்தப் பிள்ளை என்பது தெரியாதாகையால், எல்லாப் பிள்ளைகளையும் அக்கண்ணாலேயே பார்த்திரு.

ஆசிரியரின் சந்தேகம் மாணவனை என்ன செய்யும் என்பதற்கு நம் மரபிலேயே சாட்சி உண்டு. அங்குலிமாலன் பிறவியிலேயே கொலைஞனல்லன். அவன் இயற்பெயர் அகிம்சகன் என்றும், தட்சசீலத்தில் சிறந்த மாணவனாய் விளங்கினான் என்றும் அட்டகதை கூறுகிறது. பொறாமை கொண்ட சகமாணவர்கள் கோள் மூட்டினர். ஆசான் அதனை நம்பினான். நேற்றுவரை பிள்ளையாய்க் கண்டவனை இன்று பகைவனாய்க் கண்டான். அவன் அழியட்டுமென்று கருதி, ஆயிரம் விரல்களைக் குருதட்சணையாகக் கேட்டான். அகிம்சகன் அங்குலிமாலன் ஆனது அவ்வாசானின் பார்வை மாறிய அன்றைக்கே. காட்டில் அவனைத் தேடிப் புறப்பட்ட பசேநதி மன்னனுடன் ஐந்நூறு குதிரை வீரர் இருந்தும், அவன் அருகில் இருக்கிறான் என்று கேட்டதும் மன்னன் அஞ்சி நடுங்கினான். பகவானோ அவனை நோக்கித் தனியே, வெறுங்கையுடன் நடந்து சென்றார். கெட்ட ஆசானின் கண் ஆக்கிய கொலைஞனை நல்லாசானின் கண் மீண்டும் மனிதனாக்கியது.

பிக்குகளுக்குரிய விநயத்திலும் இதற்கேற்ற விதி ஒன்று உண்டு. கையில் தடியோ கத்தியோ வேறு ஆயுதமோ ஏந்தி நிற்பவனுக்கு, அவன் நோயாளியாக இருந்தாலன்றி, தம்மத்தைப் போதிக்கலாகாது என்பது அவ்விதி. கேட்பவன் கையிலுள்ள ஆயுதமே உபதேசத்துக்குத் தடையென்றால், உபதேசிப்பவன் கையிலுள்ளது எத்துணைத் தடையாகும்! ஆயுதம் இருக்குமிடத்தில் மனம் அதன் மீதே இருக்கிறது. அதை வைத்த இடம் பத்திரமா, அதை எவனாவது எடுப்பானோ, அந்த மூலையில் இருப்பவன் ஏன் பைக்குள் கை விடுகிறான் என்று அது அலைகிறது. சேதனையே கன்மம் என்று கற்ற நாம், நாள்தோறும் இவ்வாறு பழகும் சித்தம் எதுவாக விளையும் என்பதை அறியாதவர்களா?

அன்பர்களே, சந்தேகக் கண்ணின் கொடுமையை உலகில் எவரேனும் அறிவரெனின் நாம் அறிவோம். குழந்தைப் பருவத்தில் பாபாசாகேப் பள்ளியில் மற்றப் பிள்ளைகளோடு அமர அனுமதிக்கப்படவில்லை. வீட்டிலிருந்து கொண்டுவந்த சாக்குத் துணியில் தனியே அமர்ந்தார். நம் முன்னோரில் எழுத்தறிய முயன்ற பலர் திண்ணைக்கு வெளியே நின்றவர்கள். அவர்களைப் பார்த்த ஆசிரியரின் இடுப்பில் ஆயுதம் இருக்கவில்லை. அக்கண்ணே ஆயுதமாய் இருந்தது. குழந்தையைக் குழந்தையாகக் காணாது, தீட்டாகக் கண்ட கண் அது. அமெரிக்க நாட்டிலும் அப்படி ஒரு கண் உண்டு. ஒரே குற்றத்துக்குக் கறுப்பினப் பிள்ளை கூடுதலாகச் சந்தேகிக்கப்படுகிறது. பள்ளியிலிருந்து விலக்கி வைக்கப்படுவோரில் அவ்வினப் பிள்ளைகளின் பங்கு அவர்கள் தொகைக்கு மிஞ்சியது என்பதை அந்நாட்டுக் கல்வி இலாகாவின் கணக்குகளே காட்டுகின்றன. அத்தகைய கண்ணுடன் துப்பாக்கியும் சேருமாயின், அது முதலில் எப்பிள்ளையை நோக்கித் திரும்பும்? சாக்குத் துணியை அறிந்த நாம் இதற்கு விடை கூற நெடுநேரம் யோசிக்க வேண்டியதில்லை.

அப்படியாயின் காவல் எது? இதற்கும் அனுபவமே விடை கூறுகிறது. 1974 முதல் 2000 வரை அமெரிக்கப் பள்ளிகளில் நிகழ்ந்த 37 தாக்குதல்களை, அந்நாட்டு இரகசியக் காவல் துறையும் கல்வி இலாகாவும் சேர்ந்து ஆராய்ந்தன. ஐந்தில் நான்கு பங்குத் தாக்குதல்களில், தாக்குபவனின் எண்ணம் வேறு ஒருவருக்காவது முன்கூட்டித் தெரிந்திருந்தது. தெரிந்தவர் பெரும்பாலும் உடன் படிக்கும் பிள்ளைகள். இப்பொழுது சிந்தியுங்கள். நண்பன் ஒருவன் வீட்டுத் துப்பாக்கியைப் பற்றிப் பேசுவதைக் கேட்ட சிறுவன், அதை யாரிடம் போய்ச் சொல்லுவான்? தன்னைப் பிள்ளையாகக் காணும் ஆசிரியரிடம் சொல்லுவான். சொன்னால் நண்பனைச் சுட்டுவிடுவாரோ என்று அஞ்சத்தக்கவரிடம் சொல்லான். பிள்ளைகள் ஆசிரியரிடம் வைக்கும் நம்பிக்கையே பள்ளியின் மதில். துப்பாக்கி அம்மதிலைக் காப்பதற்காக வந்து, அம்மதிலையே இடித்துவிடுகிறது.

2021 நவம்பர் 30 அன்று, மிச்சிகன் மாநிலத்து ஆக்ஸ்ஃபோர்டு உயர்நிலைப் பள்ளியில் ஓர் ஆசிரியை, 15 வயது மாணவன் தன் பாடத்தாளில் துப்பாக்கியையும் வேதனைச் சொற்களையும் வரைந்திருந்ததைக் கண்டு அறிவித்தார். காக்கும் கண் தன் வேலையைச் செய்தது. பெற்றோர் அழைக்கப்பட்டனர், ஆனால் அவர்கள் அவனை வீட்டுக்கு அழைத்துச் செல்லவில்லை, எவரும் அவன் பையைத் திறந்து பார்க்கவில்லை, அவன் வகுப்புக்குத் திருப்பி அனுப்பப்பட்டான். அன்று பிற்பகல் 4 மாணவர்கள் மாண்டனர். சில நாட்களுக்கு முன் தந்தை வாங்கிய துப்பாக்கி அது. 2024 ஆம் ஆண்டில் பெற்றோர் இருவரும் நீதிமன்றத்தில் குற்றவாளிகளெனத் தீர்மானிக்கப்பட்டனர். அங்கே குறைவுபட்டது ஆயுதமன்று. கண்டவர் கண்டதை, கேட்டவர் இறுதிவரை தொடராமையே குறை. பகவான் அப்பமாதம் என்று வற்புறுத்திய அந்தச் சோர்வின்மை அங்கே பாதி வழியில் நின்றுவிட்டது.

அது பாதியில் நில்லாத இடங்களும் உண்டு. 2013 ஆகஸ்டு 20 அன்று, ஜார்ஜியா மாநிலத்து டிகேட்டர் நகரருகே ஒரு தொடக்கப் பள்ளிக்குள், 20 வயது இளைஞன் ஒருவன் பெருந்துப்பாக்கியும் சுமார் 500 குண்டுகளும் கொண்டு நுழைந்தான். அலுவலகத்தில் அவனை எதிர்கொண்டவர் அப்பள்ளியின் கணக்கரான ஆன்டோனெட் டஃப் அம்மையார். அவர் கையில் தொலைபேசி ஒன்றே இருந்தது. அவ்வம்மையார் அவனை விரட்டவில்லை, வசைபாடவில்லை. தம் வாழ்வில் நேர்ந்த துயரங்களைச் சொன்னார். தாமும் உயிரை விட நினைத்ததுண்டு, ஆயினும் மீண்டோம் என்றார். அவனிடம் அன்பு உண்டு என்றார். போலீசாருக்கும் அவனுக்கும் இடையே தூது பேசினார். இறுதியில் அவன் ஆயுதங்களைக் கீழே வைத்துத் தரையிற் படுத்துச் சரணடைந்தான். குழந்தை ஒன்றுக்கும் தீங்கில்லை. அவனும் உயிர் பிழைத்தான். 2019 மே மாதத்தில் ஓரிகன் மாநிலத்துப் போர்ட்லாந்தில், தன் உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணத்துடன் துப்பாக்கியோடு வகுப்புக்கு வந்த மாணவனிடமிருந்து, அப்பள்ளியின் விளையாட்டுப் பயிற்சியாளர் அதனைப் பற்றி வாங்கினார்; வாங்கியதும் அம்மாணவனைக் கட்டித் தழுவிக்கொண்டார். அன்று அவர் கையில் துப்பாக்கி இருந்திருப்பின், தழுவுவதற்குக் கை ஏது?

எல்லா இடத்திலும் இப்படியே நடக்குமென்று நாம் உறுதி கூறவில்லை. மைத்திரி மந்திரமன்று. பார்க்லாந்தில் மாணவர்களைத் தம் உடலால் மறைத்து நின்ற பயிற்சியாளர் ஒருவர் உயிர் துறந்தார். ஆயுதமின்றிக் காத்த அவர் பெயரையே, பள்ளிக்குள் ஆயுதம் ஏந்துவோர்க்கான ஃபுளோரிடாத் திட்டத்துக்கு வைத்திருப்பதைத்தான் நாம் விளங்கிக்கொள்ள இயலவில்லை.

புறத்திருந்து பகைவர் வரும் தேசங்களின் நிலை இன்னும் கடினமானது. பௌத்தம் தழைத்த தாய்லாந்தின் தென்கோடியில், பட்டானி, யாலா, நராதிவாத் மாகாணங்களில் 2004 முதல் நிகழ்ந்த கலகத்தில் நூற்றுக்கு மேற்பட்ட ஆசிரியர்கள் கொல்லப்பட்டனர். அங்கே அரசாங்கம் ஆசிரியர்க்குத் துப்பாக்கி உரிமம் அளித்தது. பாகிஸ்தானில் 2014 டிசம்பர் 16 அன்று பெஷாவர் இராணுவப் பள்ளியில் நூற்றுக்கு மேற்பட்ட குழந்தைகள் மாண்டபின், அம்மாகாண அரசாங்கமும் ஆசிரியரை ஆயுதமேந்த அனுமதித்தது. உயிரச்சத்துடன் பள்ளிக்குச் செல்லும் அவ்வாசிரியர்களைப் பாபிகள் என்று நாம் சொல்லத் துணியோம். ஆனால் அரசாங்கங்களைக் கேட்போம்: பிரஜையைக் காத்தல் உங்கள் கடனன்றோ? அதனைச் செய்ய மாட்டாமல், எழுதுகோல் பிடித்தவன் கையில் துப்பாக்கியைத் திணித்து, இனி உன் பாடு என்று கைகழுவுதல் தருமமாகுமா?

அரசு செய்யத்தக்கது யாது என்பதற்கும் முன்னுதாரணம் உண்டு. 1996 மார்ச் 13 அன்று, ஸ்காட்லாந்தின் டன்பிளேன் தொடக்கப் பள்ளியில் 16 குழந்தைகளும் அவர்தம் ஆசிரியையும் கொல்லப்பட்டனர். அந்நாட்டார் ஆசிரியர்க்கு ஆயுதம் கேட்கவில்லை. பிள்ளைகளை இழந்த பெற்றோரும் மற்றோரும் திரண்டு எழுந்தனர். மறு ஆண்டில் இயற்றிய சட்டங்களால், தனி மனிதர் கைத்துப்பாக்கி வைத்திருப்பது பிரிட்டனில் அநேகமாய் முற்றிலும் தடை செய்யப்பட்டது. அதன்பின் அந்நாட்டுப் பள்ளிகளில் அத்தகைய படுகொலை நிகழவில்லை. அமெரிக்காவிலோ தனி மனிதர் வசமுள்ள துப்பாக்கிகள் 39 கோடிக்கு மேற்பட்டவை என்று 2018 ஆம் ஆண்டில் ஒரு மதிப்பீடு வெளியாயிற்று. அது அந்நாட்டு மக்கள் தொகையை மிஞ்சுவது. இல்லறத்தார் செய்யலாகாத ஐந்து வாணிகங்களில் ஆயுத வாணிகத்தைப் பகவான் சேர்த்ததன் காரணம் இங்கே விளங்குகிறது. சக்கவத்தி சீகநாத சூத்திரத்தில் அவர் உரைத்த வரலாறும் இதுவே. அரசன் அறத்திற் பிழைத்தான், வறுமை வந்தது, களவு வந்தது, அரசன் கொலைத் தண்டம் விதித்தான், அதைக் கண்ட மக்களும் ஆயுதம் செய்துகொண்டனர், கொலை பெருகியது. ஆயுதத்துக்கு மாற்று மற்றோர் ஆயுதம் என்று எண்ணிய ஒவ்வொரு படியும் கீழ்நோக்கியே இறங்கியது.

அமெரிக்க ஆசிரியர்களே இதனை உணர்ந்திருக்கின்றனர். 2018 மார்ச்சில் கேலப் நிறுவனம் கேட்டபோது, நூற்றுக்கு 73 ஆசிரியர்கள் பள்ளியில் ஆசிரியர் ஆயுதம் தாங்குவதை மறுத்தனர். ஆயுதம் கொடுக்கிறோம் என்றவர்க்கு, எமக்குப் புத்தகம் கொடுங்கள், மனம் நொந்த பிள்ளைகளைக் கவனிக்க ஆட்கள் கொடுங்கள் என்று விடை கூறியவர்கள் அவர்களில் பலர். அவர்களை நாம் மனமார வாழ்த்துவோம்.

முடிவாக, நம் இல்லங்களையும் நம் பள்ளிகளையும் நோக்குவோம். இங்கே துப்பாக்கி இல்லை, பிரம்பு இருக்கிறது. 2009 ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் குழந்தைகளை உடலால் தண்டிப்பதையும் உள்ளத்தால் துன்புறுத்துவதையும் தடை செய்திருந்தும், அது முற்றும் மறைந்ததென்று சொல்வதற்கில்லை. பிரம்புக்கும் துப்பாக்கிக்கும் தூரம் மிகுதி என்பது உண்மை. ஆயினும், அச்சத்தால் பிள்ளையைக் காத்துவிடலாம் என்னும் எண்ணமே இரண்டுக்கும் வேர். நம்மில் ஆசிரியர்களாய் இருப்போர், தம் வகுப்பில் பேசாது ஒதுங்கியிருக்கும் பிள்ளை எது என்பதை இன்றே எண்ணிப் பாருங்கள். நாளை அதன் அருகே அமர்ந்து இரண்டு வார்த்தை பேசுங்கள். பெற்றோராய் இருப்போர், பள்ளியிலிருந்து வந்த பிள்ளையிடம் மதிப்பெண்ணைக் கேட்கு முன் அதன் மனத்தைக் கேளுங்கள். ஊரில் பெரியவர்களாய் இருப்போர், எப்பிள்ளையும் தனிச் சாக்கில் அமராதபடி காவல் செய்யுங்கள்.

நம் மணிமேகலை சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்கினாள். இன்று உலகில் சிலர் அச்சத்தினால் அறக்கோட்டமாகிய பள்ளியைச் சிறைக்கோட்டமாக்க முயல்கின்றனர். அவ்வச்சத்தை நாம் இகழோம். அதற்கு இணங்கவும் மாட்டோம். ஆசானுக்குரிய ஐந்தாம் கடமை காவல். அதனை நிறைவேற்ற அவனுக்கு வேண்டுவன மாணவனை அறியும் கண், அவன் சொல்லக் கேட்கும் செவி, தக்க சமயத்தில் நீட்டத் தயங்காத வெறுங்கை. அக்கை வெறுங்கையாய் இருக்குமளவும் அதனைப் பற்றிக்கொள்ளப் பிள்ளைகள் வருவர்.

எல்லாத் திசைகளிலும் எல்லாக் குழந்தைகளும் அச்சமின்றிக் கற்பார்களாக. அவர்களைக் காக்கும் ஆசிரியர்கள் அச்சமின்றி வாழ்வார்களாக. கொல்ல எண்ணியவனும் அவ்வெண்ணம் நீங்கப் பெறுவானாக.

புத்தம் சரணம். தம்மம் சரணம். சங்கம் சரணம்.